கீழ்த்தட்டு மெழுகுவர்த்தி

வெனிஸ் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கும்போதே கிரிகோரே என் காதருகில் குனிந்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

என்னைப் பார்ப்பதற்காக என் கணவன் கிரிகோரேயும் இரண்டு குழந்தைகளும் மால்டோவாவிலிருந்து வேனில் இடுப்பொடிய உட்கார்ந்து வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பும்போது நானும் கூட வருவேன் என்று குழந்தைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போகப்போவதில்லை. பக்கத்து ஊரான பதுவையில் நான் பார்த்துக்கொள்ளும் அம்மாள் படுக்கையிலேயே கிடக்கிறாள். அவள் கண்மூடும்வரை இருப்பதாக அவள் மகளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஊரில் எங்கள் வீட்டு மாடி கூரை போடப் பணமில்லாமல் நிற்கிறது. அதுதான் காரணம் என்று கிரிகோரேயிடம் போனில் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

இன்று எனக்கு முழு விடுமுறை. படகில் கூட்டம். இலிங்கா என் மடியில் ஏறாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு வயதாகிறது. நான் கிளம்பியபோது மூன்று.

"அம்மா, தெருவெல்லாம் தண்ணியா இருக்கே, இங்க நாய்ங்க எங்க ஒண்ணுக்குப் போகும்?"

"உன்னை மாதிரிதான், கட்டில்லயே போயிடும்," என்றான் சாந்து. அவளுக்கு மூத்தவன்.

"நான் இப்ப போறதில்ல! அப்பா, இவனைப் பாரு!"

கிரிகோரே சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் கட்டிலை நனைத்துக்கொண்டிருந்த காலம் எனக்குத் தெரியாது. யாரும் போனில் சொல்லவில்லை.

பெரிய சதுக்கத்தில் ஒரு படியில் உட்கார்ந்து பையைப் பிரித்தோம். அவித்த முட்டை, தக்காளி, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி. முதல் முட்டையை உரிப்பதற்குள் மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி வந்து இங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று எழுப்பிவிட்டாள்.

"புறா சாப்பிடுது, அதைக் கேட்கல," என்றான் கிரிகோரே.

"புறா உள்ளூருப்பா," என்றான் சாந்து.

நின்றுகொண்டே சாப்பிட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பாலத்தின் உச்சியிலும் நினைத்தேன். இறங்கும்போது அந்த நினைப்பும் இறங்கிவிட்டது. வருத்தம் என்று எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப்பார்ப்பதுபோல் இருந்தது. கன்னம் அங்கேதான் இருக்கிறது. அவ்வளவுதான்.

வெயில் தாங்காமல் ஒரு சின்ன தேவாலயத்துக்குள் நுழைந்தோம். கிரிகோரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசல் அருகிலேயே நின்றுவிட்டான். இலிங்கா தன் பையிலிருந்து மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்தாள். ஊரிலிருந்தே கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். எங்கள் கோயிலில் மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள் இருக்கும். மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு செத்தவர்களுக்கு. இங்கேயும் ஒரு தாங்கியில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைகள் இருந்தன. இத்தாலிக்காரர்கள் எதில் இடமிருக்கிறதோ அதில் செருகிவிட்டுப் போகிறார்கள். இலிங்கா மண்டியிட்டு, பற்றவைத்து, கீழ்வரிசையில் செருகினாள்.

"யாருக்குடி இது?"

"உனக்கு."

"லூசு!" என்றான் சாந்து. "கீழ வச்சா செத்தவங்களுக்கு."

"தெரியும். மேல எனக்கு எட்டாது."

"ஊர்லயும் இப்படித்தான் வைப்பியா?" என்று கேட்டேன்.

"ஆமா. எல்லா ஞாயித்துக்கிழமையும். நீ போனதுலேருந்து."

நான் திரும்பி கிரிகோரேயைப் பார்த்தேன். தொப்பியை இரண்டு கைகளாலும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நாங்க ஆம்பளைங்க வெளியிலதானே நிப்போம், ஆரிக்கா," என்றான். "பேசிட்டிருப்போம். நான் எங்க பார்த்தேன்?"

அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று நின்றேன். எதுவும் வரவில்லை.

"எடு அதை. மேல வைக்கலாம்."

அவளைத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். அவள் செருப்புகள் என் முழங்காலில் இடித்தன. முகம் தெரியவில்லை. பிடரியும் ஒரு பக்கம் சாய்ந்த பின்னலும்தான் தெரிந்தன. அந்தப் பிடரியிடம் சொன்னேன்.

"இலிங்கா, செவ்வாய்க்கிழமை நான் உங்களோட வரல."

மெழுகுவர்த்தி ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு அவள் அதைச் சாய்த்து, மெழுகைச் சொட்டவிட்டு, அடியை அழுத்தினாள்.

"இரும்மா. இன்னும் ஒட்டல. விட்டுடாத."

விடவில்லை. அது நின்ற பிறகும் இறக்கவில்லை.

"போதும், இறக்கு," என்றாள். கீழே இறங்கி, கையில் ஒட்டிய மெழுகைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் போனாள். "அப்ப இனிமே நீதான் உள்ள வரணும். என்னைத் தூக்க."

"வரேன்," என்றான் கிரிகோரே.

சாந்து எங்களுக்கு முன்னால் வெளியே போய்விட்டான். படகில் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியருகில் நின்றான். வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டான்.

"அடுத்த வருஷமா?"

"தெரியலடா."

இலிங்கா என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளைத் தூக்கிப் பிடித்திருந்ததில் என் கைகள் இரண்டும் மரத்துக் கிடந்தன. கரையெல்லாம் பின்னால் போன பிறகுதான் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கியது. வலித்தது. கையை அசைத்தால் அவள் விழித்துவிடுவாள் என்று அப்படியே வைத்திருந்தேன்.