கொத்தமல்லி வாசம்

அடிமாட்டு விலைக்குப் பழைய கட்டில் வாங்கி மூன்று நாளாகிறது. மூன்று நாளும் கொத்தமல்லி வாசத்தில்தான் கண் விழித்தேன். முதல் நாள் லேசாக இருந்தது, இன்று அறை முழுக்க. சாப்பிடும்போது மனைவியின் கொத்தமல்லிச் சமையல் வாசத்தைப் பாராட்டித் தொலைத்தேன்.

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கொரியாண்டர்ங்கிற பேரே மூட்டைப்பூச்சியிலருந்து வந்ததுன்னு சொல்றாங்க அத்தான். கிரேக்கத்துல மூட்டைப்பூச்சிக்கு 'கோரிஸ்'னு பேரு. ரெண்டுக்கும் ஒரே வாசமாம்."

"சாப்பிடற நேரத்துல பேசுற பேச்சாடா இது?" என்று எரிந்து விழுந்தேன்.

மனைவி கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நம்ம வீட்ல கொத்தமல்லி வாங்கியே பத்து நாளாச்சு."

அந்தப் பழைய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மகள் உள்ளிருந்து கத்தினாள்.

"அம்மா, உடம்பெல்லாம் அரிக்குது!"