மூடியில் எழுதிய பெயர்

கதவைத் திறந்த வேகத்திலேயே அவள் சோடாபுட்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருடமாக அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற ஆள். என்ன ஏது என்று அவன் கேட்பதற்குள் இரும்பு ஸ்டாண்டு முகத்தில் இறங்கியது. கண்ணாடி தெறித்தது. மூக்கு உடைந்து வெள்ளைக் கோட்டெல்லாம் ரத்தம்.

பின்னே, வயிறு எரியாதா? அவளுடைய தம்பிக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று மருத்துவர் கேட்டிருந்தார். எல்லோர் செல்லுக்குள்ளும் கைனேஸ் என்றொரு காவல் புரதம் உண்டு. வேலை இல்லாதபோது இரண்டிரண்டாகக் கட்டிப்பிடித்து, ஒன்றின் வாயை ஒன்று அடைத்துக்கொண்டு கிடக்கும். டி.என்.ஏ. அறுந்ததோ இல்லையோ, பிரிந்து எழுந்து, தன் மேலும் மற்ற புரதங்கள் மேலும் பாஸ்பேட் முத்திரை குத்திப் பழுதுபார்க்க விரட்டும். அது எழாத உடம்பில் கதிரைப் பாய்ச்சினால் ஆளையே உரித்துவிடும். தம்பிக்கு எழுகிறது, சோதனைப் படத்தில் முத்திரை கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது என்று அறிக்கை எழுதியவன் சோடாபுட்டி. ஏழு முறை கதிர் கொடுத்தாயிற்று. இன்று காலை கட்டைப் பிரித்தபோது கழுத்துத் தோல் துணியோடு வந்துவிட்டது. தம்பி போட்ட அலறல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. எட்டாவது முறை நான்கு மணிக்கு.

மறுபடி ஓங்கினாள். விலாவில் விழுந்தது, அவன் மடங்கிச் சரிந்தான். தடுக்கவில்லை. தரையில் கிடந்தபடியே மேசைமேல் இருந்த ஃப்ரீசர் பெட்டியைக் காட்டினான்.

"காலைல உங்க தம்பி பேர் போட்ட ட்யூபை மறுபடி சோதனைக்குப் போட்டேன்க்கா, இப்பதான் முடிவு வந்துச்சு. அதுல இருக்கிறது பொம்பளை செல்லு."

அவள் கை அப்படியே நின்றது. பெட்டியில் உறைந்த செல்களோடு இரண்டு ட்யூப்கள்: ஒன்று தம்பியுடையது, மற்றது அன்றைக்கே வந்த ஒரு பெண்ணுடையது. பெயர் மூடியில் மட்டும். ட்யூபின் மேல் ஒரு எழுத்து இல்லை. மூடி மாறிவிடும், ட்யூபிலும் எழுதுங்கள் என்று அவன் தலைப்பாடாய் அடித்துக்கொண்டதுண்டு. உனக்கு வேறு வேலையே இல்லையா என்று அவள் கேலி செய்ததும் உண்டு. இரண்டு மூடியிலும் அவள் கையெழுத்துதான். இரண்டையும் ஒன்றாகத் திறந்து, உறைய வைக்கும் திரவத்தை ஊற்றி, அம்மாவோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டே மூடியதும் அவள்தான்.

ஸ்டாண்டு கீழே விழுந்தது. மணி மூன்றரை. மருத்துவமனையில் இருந்த அம்மாவைப் போனில் பிடித்து, அறிக்கை தப்பு, கதிரை உடனே நிறுத்தச் சொல் என்றாள். அம்மா கத்துவதும், தம்பியைத் தள்ளிப்போன ஸ்ட்ரெச்சர் நிற்பதும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் திரும்பி வந்தது.

"எந்தப் பாவிடி இந்தத் தப்பைப் பண்ணினது? அவன் கை விளங்குமா?"

காலடியில் சோடாபுட்டி ரத்தத்தைத் துப்பிவிட்டு, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினான்.

"அவன் இல்லம்மா," என்றாள். "அந்தக் கைலதான் இப்ப போனைப் பிடிச்சிட்டிருக்கேன்."