பாய் கடை நம்பர்

செலண்டார் பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மளிகைக் கடையின் கைப்பேசி அன்று காலை நிறுத்தாமல் சிணுங்கியது. நான் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே செய்தி, பெயர் மட்டும் வேறு. ராஜம்மா, காளிமுத்து, நாகமுத்து, பவானேஸ்வரி என்று வரிசையாக வந்தது. உங்கள் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதால் மருத்துவக் காப்புறுதி அட்டை ரத்து. எண்ணெய்ச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ராஜம்மாக்காவின் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம்! முதலில் சிரித்தேன். அடுத்த வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன் என்பது ஞாபகம் வந்ததும் கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் செய்தியை மறுபடி படித்தேன். இடது கண் ஏற்கனவே போய்விட்டது. மிச்சமிருக்கும் வலது கண்ணிலும் புரை. அட்டை இல்லையென்றால் அந்தத் தேதியும் இல்லை.

எங்கள் கடையின் நம்பர் எங்கள் ஒரு வீட்டு நம்பர் அல்ல. ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டு ஆட்களை இந்த மலிவு வீடுகளுக்கு அனுப்பிய நாளிலிருந்து, கிளினிக்கில் கேட்டாலும் கோயிலில் கேட்டாலும் இந்த வரிசையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பாய் கடை நம்பர் போட்டுக்கங்க." ஜொகூரில் இருக்கும் மகன் அதில்தான் கூப்பிடுவான். பேத்தி பிறந்த சேதியும் அதில்தான் வரும். நான் பின்சந்துப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுப்பேன், உரியவர் ஈரக் கையோடு ஓடி வருவார். அட்டைக்குப் பதிந்தபோதும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் அதே நம்பரைப் போட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. நம்பர் எதற்கு? கூப்பிட்டால் ஆள் வருவதற்குத்தானே?

கடையை என் வீட்டுக்காரர் ஜமீலிடம் விட்டுவிட்டு அட்டை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஷாந்தினி என்ற பெண் இருந்தாள். நல்ல பிள்ளைதான், முகத்தில் தூக்கம் போதாத களைப்பு.

"ரூல் மாறிடுச்சு ஆண்ட்டி. இந்த வருஷத்துலேர்ந்து ஒரு நம்பர்னா ஒரு குடும்பம். சிஸ்டம் உங்க எல்லாரையும் ஒரே வீடுன்னு எடுத்துக்கிச்சு."

கடை வருமானம், காளிமுத்து அண்ணனின் ஜாகா காவல் வேலைச் சம்பளம், ராஜம்மாக்காவின் பழக்காசு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறது கம்ப்யூட்டர். இத்தனை சொந்தம் இருப்பது தெரிந்திருந்தால் பெருநாளைக்கு இன்னும் இரண்டு கிலோ இறைச்சி எடுத்திருப்பேன்.

ஷாந்தினி குரலைத் தணித்தாள். "ராஜம்மா கேஸ் அர்ஜென்ட்லா. அவங்க பேர்ல புது நம்பர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மத்தவங்க எல்லாம் உண்மையிலேயே உங்க கடை வீட்டுக் குடும்பம்தான்னு ராஜம்மா சைன் பண்ணிட்டா, அவங்கள மட்டும் தனியா எடுத்துடலாம். நாளைக்கே அட்டை ஓப்பன்."

"மத்தவங்க?"

"ஃபைல் குளோஸ் ஆயிடும். புதுப் பதிவு அடுத்த வருஷம்தான்."

"வேற வழியே இல்லையாம்மா?"

"எல்லாரும் நேர்ல வந்து, நாங்க வேற வேற வீடுன்னு ஒண்ணா அப்பீல் பண்ணலாம். சூப்பர்வைசர்தான் முடிவு பண்ணணும். கிடைக்கும்னு சொல்ல முடியாது. அப்படி யாரும் இதுவரைக்கும் வந்ததில்ல ஆண்ட்டி."

புது சிம் கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். எனக்கு அந்தக் கண் வேண்டும், அவ்வளவுதான். ராஜம்மாக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், காம்பும் இலையும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். விரல்கள் நின்றன.

"அப்ப காளிமுத்து அண்ணன் நெஞ்சு மருந்துக்கு எங்க போவாரு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா. மொதல்ல ஒங்க கண்ணு."

"ரப்பர் பால்மரம் சீவுன காலத்துல ஒருத்தர் கூலிய தொர புடிச்சுக்கிட்டா, அன்னைக்கு லயத்து வீடுங்கள்ல ஒருத்தரும் கத்தியத் தொட மாட்டோம். இப்ப எல்லாரையும் வித்துட்டு நான் மட்டும் வெளிச்சத்துல நடக்கணுமா? சைன் பண்ண மாட்டேன்லா."

"ஆபரேஷன் தேதி போயிடும்க்கா!"

"போவட்டும். எனக்குப் பயமில்லன்னா சொல்றேன்? பயமாத்தான் இருக்கு. அதுக்காக? நம்மள ஒரே குடும்பம்னு சொன்னது அவங்கதானே? குடும்பமாவே போவோம். ஃபேக்டரி வேன் ஓட்டற பிச்சைமுத்துகிட்ட கேளு."

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு வீம்பு ஆகாது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வேனுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை பிச்சைமுத்துவின் ஃபேக்டரி வேன் அலுவலக வாசலில் நின்றது. ஒவ்வொருவராக இறங்கி முடிப்பதற்குள் பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டன. ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார் வாசலில் நின்ற காவலாளி. நாங்கள் ஒரு குடும்பம் இல்லை, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று மலாயில் சொன்னேன். அப்படியென்றால் ஆளுக்கொரு சீட்டு எடுங்கள் என்று மிஷினைக் காட்டினார். மிஷின் கைப்பேசி நம்பரைக் கேட்டது. ராஜம்மாக்காவுக்காகக் கடை நம்பரை அழுத்தினேன், சீட்டு வந்தது. காளிமுத்து அண்ணனுக்கும் அதையே அழுத்தினேன். இந்தக் குடும்பத்துக்கு ஏற்கனவே சீட்டு கொடுத்தாயிற்று என்றது மிஷின். காவலாளி மிஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டு வரிசை நாற்காலிகள் ஒன்றாகக் காலியாயின. கைத்தடிகளும் மருந்துப் பைகளுமாகக் கவுண்டரைச் சூழ்ந்தோம். ராஜம்மாக்கா பலகையின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்துத் தன் ஐசி அடையாள அட்டையை வைத்தார். அதன்மேல் காளிமுத்து அண்ணன் வைத்தார், பிறகு மற்றவர்கள்.

ஷாந்தினி அந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரையைப் பார்த்து, அது கேட்டதைத்தான் அவளும் கேட்டாள். "குடும்பத் தலைவர் யாரு?"

ராஜம்மாக்கா கையைத் தூக்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே காளிமுத்து அண்ணன் தூக்கினார். நாகமுத்து, பவானேஸ்வரி என்று வீட்டுக்கொன்றாகக் கைகள் எழுந்தன. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் வீட்டுக்காக நானும் தூக்கினேன். உள்ளறையின் கண்ணாடிக் கதவு திறந்து, கழுத்தில் அடையாளப் பட்டையோடு சூப்பர்வைசர் வெளியே வந்து நின்றார்.

"ஹஃபீஸா, எல்லாரும் தூக்கிட்டாங்களா?" நேரே பார்த்தபடியே ராஜம்மாக்கா கேட்டார்.

"தூக்கிட்டாங்கக்கா."

"அப்ப எறக்காதீங்க."

காளிமுத்து அண்ணனின் கை மெல்லக் கீழே சரிந்தது. பக்கத்தில் நின்ற பவானேஸ்வரி தன் இன்னொரு கையால் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.