கட்டின துணியோட வாங்க

ஐம்பத்திரண்டு நிமிஷம். ஆலந்துறைக்குப்பத்தில் புயல் ஒத்திகை நடந்து முடிய ஆன நேரம் அது. முடிந்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அறுநூறு பேர் வந்து சேர வேண்டிய கட்டடத்துக்கு வந்தது நாற்பத்தொரு பேர். அதிலும் பாதி சின்னப் பிள்ளைகள், ஜீப்பைக் கண்ட குஷியில் பின்னாலேயே ஓடி வந்தவர்கள்.

டெபுடி தாசில்தார் இராஜாங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சுனாமி அலை வந்து மூணரை வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள மறந்துட்டாங்களா இந்த ஜனங்க?" என்று ஜீப்பின் பானட்டில் நோட்டை வைத்து ஒரு வரி எழுதினார். 'கிராம மக்கள் ஒத்துழைக்கவில்லை.'

அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எல்லாம் அதில்தான் இருந்தது. அந்தக் கடலோரத்துக்கு முதல் தவணையாக ஒரே ஒரு எச்சரிக்கை சைரன் வந்திருந்தது. இருபது நிமிஷத்துக்குள் ஊரை முழுசாகக் காலிசெய்து காட்டும் கிராமத்துக்கு அது என்று உத்தரவு. ஓடாத ஊருக்குத்தானே சைரன் முதலில் வேண்டும் என்று கேட்காதீர்கள். அரசாங்கத்தின் நியாயம் தனி. வெள்ளிக்கிழமை கோப்பு மேலே போகிறது. அன்று திங்கள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி நின்றாள் அருள்ஜோதி. தஞ்சாவூரில் சமூகப்பணி முதலாண்டு படிக்கிறவள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பயிற்சி. கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர் என்று கம்பெனிகளுக்குப் பறந்துவிட, இவள் மட்டும் தரங்கம்பாடியில் அத்தை வீட்டில் தங்கி, தினமும் பஸ் பிடித்து இந்த ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தாள். அண்ணன் ஜோஸ்வா துபாயிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "என்னடி, இன்னிக்கு எத்தன கோப்புக்குக் கயிறு கட்டின?" என்று வம்புக்கிழுப்பான். அவன் கேலியில் தப்பில்லை. முதல் இரண்டு வாரம் அதைத்தான் செய்தாள்.

மூன்றாவது வாரம்தான் உருப்படியாக ஒரு வேலை கிடைத்தது. ஒத்திகைக்கான அறிவிப்பை எழுதச் சொன்னார்கள். பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய பெண்ணாயிற்றே, விடுவாளா? உட்கார்ந்து செதுக்கினாள். 'வங்கக்கடலில் உருவாகியுள்ள தீவிரப் புயலினை முன்னிட்டு, கரையோரப் பொதுமக்கள் அனைவரும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்திற்கு உடனடியாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இது ஒரு ஒத்திகை.' இராஜாங்கமே படித்துப் பார்த்து, "பரவாயில்லையேம்மா, ரேடியோவுல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஒத்திகைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, யாரும் அனுப்பாமல் அவளாகவே குப்பத்துக்குப் போனாள். ஏன் வரவில்லை என்று ஒருத்தரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆத்திரம். ஏலக்கூடத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. விசைப்படகுக்குத் தடைக்காலம், ஃபைபர் படகில் வந்த கொஞ்ச மீனுக்குத்தான் அத்தனை அடிபிடி. ஏலம் கூறிக்கொண்டிருந்தவள் மலர்கொடி. அந்தக் குரல் இருக்கிறதே, அப்பப்பா! அலைச்சத்தம், வியாபாரிகள் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டி, கடைசித் தெரு வரைக்கும் போகும்.

ஏலம் முடிந்ததும் அருள்ஜோதி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா, நேத்து மைக்குல சொன்னோமே, ஏன் யாருமே வரல?"

மலர்கொடி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அது? ஏன் பாப்பா, புயல் மையத்துக்குப் போகச் சொன்னா எவன் போவான்?"

"என்னக்கா?"

"அதான், புயல்... கர்ர்ர்... மையத்துக்கு உடனே செல்லுங்கள்னு கத்துனீங்களே! ரேடியோவுல தினம் கேக்குறோம், புயல் மையம் கொண்டிருக்குது, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே எறநூறு கிலோமீட்டர்னு. அந்த மையத்துக்குப் போங்கன்னா, நாங்க என்ன படக எடுத்துக்கிட்டு நடுக்கடலுக்குப் போவணுமா?"

சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கவர்மெண்டே போய்ச் சேருங்கன்னு சொல்லிடுச்சு" என்றாள் ஒருத்தி. அருள்ஜோதிக்கும் முதலில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று முகத்தில் ஈயாடவில்லை. காற்றிலும் கரகரப்பிலும் 'பாதுகாப்பு' காணாமல் போயிருக்கிறது. மிச்சம் நின்றது புயலும் மையமும். எழுதியது யார்? சாட்சாத் அவளேதான்.

"அப்ப அந்தக் கட்டடத்த நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"எதை, கால் வச்சு ஒசரமா கட்டி வச்சிருக்காங்களே, அதையா? கல்யாண மாடி. ஊருல எல்லாக் கல்யாணமும் அங்கதானே நடக்குது." மலர்கொடியின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. "சைரன் எங்களுக்கு இல்லன்னு சொல்லிக்கிறாங்களே, நெசமா?"

ஆமாம் என்று அருள்ஜோதி தலையசைத்தாள்.

"எம் மவ பூமிகாவுக்கு ஒன்பது வயசு, பாப்பா. அலை வந்த அன்னைக்குக் காலையில சங்கு பொறுக்கப் போனா. யாராச்சும் ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருக்கும். ஓட்டத்துல கெட்டி அது." இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அருள்ஜோதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இன்னும் பத்து நாளில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை அவளை விடவில்லை. ஆபீசுக்குள் நுழைந்தவள் நேரே இராஜாங்கத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், ஊர் மேல தப்பில்ல. நான் எழுதுனதுல தப்பு." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

இராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புயல் மையம் வந்த இடத்தில் அவருக்கே உதடு துடித்தது. சமாளித்துக்கொண்டார். "எழுதினது நீ, கையெழுத்துப் போட்டது நான். இப்ப என்னம்மா பண்ணச் சொல்றே?"

"இன்னொரு தடவ வைக்கலாம் சார்."

"வியாழக்கிழமை. அதுதான் கடைசி. இருபது நிமிஷம், ஒரு ஆள் குறையக் கூடாது. ஒரே ஒரு தலை குறைஞ்சாலும் நான் எழுதின வரி அப்படியே மேல போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன் சார்" என்றாள். குரல் என்னவோ அழுகிற மாதிரிதான் இருந்தது.

புதன்கிழமை ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சிவசாமி கூட்டம் போட்டார். இளவட்டங்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், கத்தார் என்று போய்விட்ட ஊர். மிச்சமிருந்த ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு பங்கு. தெருவுக்கு இரண்டு பெண்கள் பொறுப்பு என்று முடிவானது. நடக்க முடியாதவர்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவர ஆள் போட்டார்கள். மைக்கில் யார் பேசுவது என்ற பேச்சு வந்தபோது அருள்ஜோதி யோசிக்கவே இல்லை. "மலர்கொடி அக்கா."

"நானா? எனக்கு மீன் விக்கத்தான் தெரியும்."

"அதே மாதிரி கூப்புடுங்கக்கா, போதும். கல்யாண மாடிக்கு வாங்கன்னு."

சிவசாமி தலையைச் சொறிந்தார். "அதுல ஒரு சிக்கல் இருக்கு, தங்கச்சி. கல்யாண மாடிக்கு வாங்கன்னா எங்க பொம்பளைங்க பெட்டியத் தெறந்து பட்டுச்சேலையத் தேட ஆரம்பிச்சிருவாங்க. பூ வச்சு, பவுடர் போட்டுக் கெளம்புறதுக்குள்ள கடல் வந்து கதவத் தட்டிரும்." பெண்கள் பக்கமிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் மனுஷன் சொன்னதில் உண்மை இருந்தது, மலர்கொடியே ஒப்புக்கொண்டாள். "அதுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்கேன், விடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. ஊரில் இருக்கும் தலை அறுநூற்றுப் பன்னிரண்டு என்று சிவசாமி எழுதிக் கொடுத்தார். இராஜாங்கம் மாடிப்படியின் உச்சியில் கைக்கடிகாரத்தோடு நின்றார். அருள்ஜோதி படி அடியில், கையில் பட்டியல். அவர் கையை அசைத்ததும் ஏலக்கூடத்து மைக்கில் அந்தக் குரல் வெடித்தது.

"ஏ, காமாட்சி தெரு! மேலத்தெரு! ஒத்திக பாக்குறோம், பயப்படாதீங்க, ஆனா நெசம்னு நெனச்சு ஓடுங்க! புயலு வருது, எல்லாரும் கல்யாண மாடிக்கு வாங்க! கட்டின துணியோட வாங்க! பட்டும் வேணாம் பவுசும் வேணாம், உசுரு போதும்! அடுப்ப அணைச்சுட்டு வாடி செல்லம்மா! வலைய விட்டுட்டு வாங்க மாமா, வல நீந்திக்கும்!"

ஊர் கிளம்பியது. கிளம்பியது என்பது சின்ன வார்த்தை. தெருக்கள் அப்படியே எழுந்து நடந்தன. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கியவர்கள், மாவுக் கையோடு ஓடியவர்கள், பாதி முகம் சவரம் பண்ணின ஒருவர். நாற்காலியில் தூக்கிவந்த கிழவர் ஒருவர், "மெதுவா தூக்குங்கடா, நான் என்ன மாப்பிள்ளையா?" என்று அதட்டிக்கொண்டே மேலே போனார். அருள்ஜோதி ஒவ்வொரு தெருவாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். பத்தாவது நிமிஷம் முந்நூறு. பதினைந்தில் ஐந்நூற்றெழுபது.

பதினேழாவது நிமிஷம் படி காலியானது. எண்ணிக்கை அறுநூற்றுப் பதினொன்று.

"ஒண்ணு குறையுதேம்மா" என்றார் இராஜாங்கம் மேலிருந்து.

தெருப் பெண்கள் மறுபடி எண்ணினார்கள். எந்த வீட்டிலும் ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். சிவசாமி தன் தலையையும் சேர்த்து எண்ணினார். அதே அறுநூற்றுப் பதினொன்று. பதினெட்டு நிமிஷம். மாடியில் பேச்சு நின்றுபோனது. அந்த அமைதியில், தூரத்தில், அந்தக் குரல் மட்டும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? ஒருத்தரும் நிக்காதீங்க! வந்துருங்க! வந்துருங்க!"

அருள்ஜோதிக்குப் பொறி தட்டியது. கையிலிருந்த ஒலிபெருக்கியைத் தூக்கினாள். எழுதி வைத்த வாசகம் எதுவும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். "அக்கா! மலர்கொடி அக்கா! போதும், நீங்க வாங்க! எல்லாரும் வந்துட்டாங்க, நீங்கதான் பாக்கி! ஓடி வாங்கக்கா!"

குரல் நின்றது. மாடியிலிருந்த அறுநூறு பேரும் கைப்பிடிச் சுவரில் வந்து விழுந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா என்றும் அண்ணி என்றும் மலரு என்றும் ஊரே ஒரு வாயாகக் கத்தியது. மணலில், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மலர்கொடி ஓடி வந்தாள். என்ன ஓட்டம் அது! விழப்போனாள், சமாளித்தாள். அருள்ஜோதி பாதி வழிக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள்.

"பத்தொம்பது நிமிஷம், இருபது செகண்ட்!" இராஜாங்கம் தன் பதவியை மறந்து கத்திவிட்டார்.

மாடி அதிர்ந்தது. விசில், குலவை, யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே இராஜாங்கம் நோட்டைத் திறந்து, திங்கட்கிழமை வரியை அழுத்தி அடித்துவிட்டு, எல்லோரும் பார்க்க எழுதினார். 'ஆலந்துறைக்குப்பம். சைரன் பரிந்துரைக்கப்படுகிறது.'

மலர்கொடிக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யாரும் விட்டுப்போயிடக் கூடாதுன்னே கத்திக்கிட்டிருந்தேன், பாப்பா. நானும் ஒரு ஆளுங்கறது மறந்தே போச்சு." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "எனக்கும் ஒருத்தி குரல் குடுத்தாளே" என்று அருள்ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.