மௌனம் வெள்ளி நண்பகல் வரை

வியாழக்கிழமை மாலை ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய தலைமை நாட்டிடமிருந்து வந்த மின்னஞ்சல் மிகச் சுருக்கமாக இருந்தது. படகுப் போக்குவரத்து மானியம் பற்றிய இறுதி வரைவு இத்துடன் உள்ளது. வெள்ளி நண்பகலுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் இருபத்தேழு நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.

பிரஸ்ஸல்ஸில் இதற்கு மௌன முறை என்று பெயர். வாய் திறக்காதவர் சம்மதித்தவர். கூட்டம் கூடாமல், யாரும் கை தூக்காமல், கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டதுமே காரியம் முடிந்துவிடும். மௌனத்தை உடைக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் தனியாக உடைத்த நாட்டின் பெயர் மற்றவர்கள் மனதில் நெடுநாள் நிற்கும். பிறகு அந்த நாட்டுக்கு ஏதாவது தேவைப்படும்போது எல்லோருக்கும் திடீரென்று வேறு கூட்டம் வந்துவிடும்.

எஸ்தோனியாவின் போக்குவரத்துப் பேராளர் கைரே லானெமெட்ஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வரைவைப் படித்தாள். அவள் தேடியது ஒரே ஒரு வரியை. சிறு தீவுகளின் குளிர்காலப் படகுகளுக்கு அரசு மானியம் தரலாம், அதற்குக் கால வரம்பு இல்லை என்கிற வரி. அது இல்லை. எந்த வழித்தடத்துக்கும் மூன்று ஆண்டுகள்தான் மானியம், அதன்பின் படகு நிறுவனம் தன் வருமானத்தில் ஓட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. விதிவிலக்கு கொடுத்தால் சுற்றுலாத் தீவுகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்று பெரிய நாடுகளின் நிதித் துறைகள் பயந்திருந்தன. தலைமை நாட்டுக்கோ தன் ஆறு மாத முறை முடிவதற்குள் கோப்பை மூடியாக வேண்டும்.

எஸ்தோனியாவின் ஹால்சார் தீவில் இருநூறு பேர் இருக்கிறார்கள். கோடையில் சைக்கிளோடு வருகிறவர்களால் படகு நிரம்பி வழியும். ஜனவரியில் அதே படகில் மருத்துவர், ரொட்டி வண்டி, மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் சில பிள்ளைகள், அவ்வளவுதான். மானியம் நின்ற குளிர்காலத்தில் படகும் நிற்கும். படகு நின்றால் பிள்ளைகள் உள்ள வீடுகள் முதலில் காலியாகும். போன இலையுதிர்காலத்தில் தீவின் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, அந்த வரியை விடமாட்டேன் என்று கைரே சொல்லியிருந்தாள். தீவு மன்றத் தலைவி ஹில்யே கைகுலுக்கும்போது சொன்னது நினைவிருக்கிறது: "எழுதிக் குடுங்கன்னு கேக்க மாட்டேன். உங்க முகத்த ஞாபகம் வெச்சுக்கறேன்."

வெள்ளி காலை தலைநகர் தாலினிலிருந்து அவளுடைய இயக்குநர் ஊர்மாஸின் உத்தரவு வந்தது. துணை இருந்தால் உடைக்கவும். தனியாக என்றால் வேண்டாம்.

கைரே நேராகப் பேரவைக் கட்டடத்தின் காபிக் கடைக்குப் போனாள். இங்கே பாதி வேலை அங்கேதான் நடக்கும். குரோவேஷியாவின் ஸ்வோனிமிர் இரண்டாவது காபியில் இருந்தான். அவன் நாட்டில் தீவுக்குப் பஞ்சமில்லை.

"வரைவு பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கல."

"அப்ப உடைக்கிறியா?"

"நீ உடைச்சா அடுத்த நிமிஷம் நானும் உடைப்பேன். முதல்ல போகாதேன்னு ஊர்லேர்ந்து உத்தரவு."

"என் ஊர்லேர்ந்தும் அதே பாட்டுதான்."

பக்கத்து மேசையிலிருந்த அயர்லாந்தின் ஃபியாக்ரா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "என்ன, ரெண்டு பேரும் துக்க வீட்டுல உக்காந்த மாதிரி? படகா? எங்களுக்கும் அந்த வரி வேணும். யாராவது ஆரம்பிங்க, கூடவே வந்துடறோம்."

"யாராவதுன்னா யாரு?"

"அதான் தெரியலயே! டென்மார்க் தோர்பென்கிட்ட கேட்டேன். மூணாவதா வர்றேங்கறான். ரெண்டாவதா வர்றதுகூட அவனுக்கு அவசரக்குடுக்கைத்தனமாம்."

ஸ்வோனிமிர் சிரித்தான். கைரே சிரிக்கவில்லை. நான்கு தலைநகரங்களில் நான்கு அதிகாரிகள், ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே உத்தரவை அனுப்பியிருக்கிறார்கள். நால்வருக்கும் வேண்டியது ஒன்று. நால்வரும் பன்னிரண்டு மணிவரை மரியாதையாகக் காத்திருந்து, அதைச் சேர்ந்தே இழக்கப்போகிறார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று நிற்கும்போதே ரயில் போய்விடுவதைப் போல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மறுப்பைத் தலைமை நாட்டின் செயலகத்துக்கு மட்டும் அனுப்புவதுதான் வழக்கம். அவள் முதலில் உடைத்தாலும் மற்ற மூவருக்கும் அது நண்பகலுக்குப் பிறகுதான் தெரியவரும். தெரியாத வரைக்கும் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஊர்மாஸை அழைத்தாள்.

"மூணு நாடு கூட வருது," என்றாள்.

"எழுத்துல குடுத்திருக்காங்களா?"

"வாயால சொன்னாங்க."

"காபிக் கடையில சொன்னதா? கைரே, காபி ஆறினதும் அந்தப் பேச்சும் ஆறிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் அவங்க பாக்கற மாதிரி உடைக்கப் போறேன். எல்லா நாட்டுக்கும் ஒரே நேரத்துல அனுப்பறேன்."

"அது மரியாதையில்லாத வேலை. யாரும் அப்படிச் செய்யறதில்ல."

"விதியில தடை இல்ல. வழக்கம் இல்ல, அவ்வளவுதான்."

"யாரும் வரலேன்னா?"

"வரலேன்னா திட்டு எனக்கு. அமைச்சர்கிட்ட என் பேரைச் சொல்லிடுங்க."

"சொல்லுவேன்," என்றார் ஊர்மாஸ். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது ஆண்டு அரசுப் பணியில் அவர் கொடுத்த மிகத் துணிச்சலான அனுமதி அதுவாகத்தான் இருக்கும் என்று கைரே நினைத்துக்கொண்டாள்.

அவள் எழுதியது நீளமில்லை. எஸ்தோனியா இந்த வரைவை ஏற்கவில்லை. காரணம், குளிர்காலப் படகுகள். முகவரிப் பெட்டியில் இருபத்தேழு நாடுகளையும் சேர்த்தாள். அனுப்பினாள். நண்பகலுக்கு அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு நாட்டின் உதவியாளர் பதறிப்போய் "இந்த மடல் எங்களுக்குத் தவறுதலாக வந்துள்ளது" என்று பதில் போட்டார். கைரே பையிலிருந்த கறுப்பு ரொட்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். மூவரையும் அவளுக்குத் தெரியும். தோர்பெனின் கணக்கு மட்டும்தான் சிக்கல். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் வேண்டும்.

ஸ்வோனிமிரின் மடல் வந்தது. சொன்ன சொல் தவறவில்லை; அவனும் எல்லா நாடுகளுக்கும் அனுப்பியிருந்தான். அதன்பின் ஃபியாக்ரா. அதன்பின், கச்சிதமாக மூன்றாவதாக இல்லாமல் ஐந்தாவதாக, தோர்பென்.

நான்காவதாக வந்தது ஆஸ்திரியா.

கைரே மடலை மறுபடி படித்தாள். ஆஸ்திரியாவுக்குக் கடலே கிடையாது. உடனே அதன் பேராளர் ரோஸ்விதாவை அழைத்தாள்.

"ரோஸ்விதா, உங்களுக்கு எதுக்குப் படகு?"

"படகு எவனுக்கு வேணும்? எங்க மலையில ஒரு ஊர் இருக்கு. டிசம்பர்ல பனி விழுந்தா ரோடு மூடிடும். கம்பியில தொங்கற ரோப் கார்லதான் ஏறி இறங்கணும். அடுத்த வருஷம் அதுக்கும் இதே மூணு வருஷ விதிய மாட்டப்போறதா எங்காளுங்க பயப்படறாங்க. இதுவரைக்கும் இதைச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கல. நீ கதவத் திறந்த, நான் நுழைஞ்சேன்."

"தாராளமா நுழைங்க."

நண்பகல் தாண்டியதும் தொலைபேசி ஒலித்தது. கூட்டத் தலைவர், தலைமை நாடான சைப்ரஸின் ஆந்த்ரூலா.

"கைரே, ஊர் கூட்டியா மறுப்புச் சொல்லுவாங்க?"

"ஊர் வந்துடுச்சே, ஆந்த்ரூலா."

"வந்துச்சு, வந்துச்சு. அஞ்சு பேர். அதுக்கும் மேல ரெண்டு பேர் சம்பந்தமே இல்லாத பழைய சண்டையத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அதையெல்லாம் இப்ப நான்தான் கட்டி மேய்க்கணும்." குரலில் கோபம் இருந்தது, ஆனால் அடியாழத்தில் இல்லை. சைப்ரஸ் முழுவதுமே ஒரு தீவு. தலைமை நாற்காலியில் இருக்கும் ஆறு மாதமும் சொந்த ஊர் ஆசையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் அவள் இத்தனை நாளும் அந்த வரியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "திங்கள் காலை கூட்டம். சாயங்காலத்துக்குள்ள ஒரு வரி எழுதி அனுப்பு. ஒண்ணே ஒண்ணு. தீவுங்கற சொல் அதுல வேண்டாம்."

"ஏன்?"

"நான் அந்த நாற்காலியில உக்காந்து அந்த வரியப் படிச்சா, என் ஊருக்கு எழுதிக்கிட்டேன்னு பேசுவாங்க. பெரிய நாட்டுக்காரங்களுக்கும் தீவுன்னா உடனே கடற்கரைக் குடைதான் கண்ணுல தெரியுது."

கைரே ரோஸ்விதாவை மறுபடி அழைத்தாள். இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: குளிர்காலத்தில் சாலை வழியாகச் சென்றடைய முடியாத குடியிருப்புகளுக்கு மூன்று ஆண்டு வரம்பு பொருந்தாது. ஊர்மாஸ் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"தீவு எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு. ஹால்சாருக்கு ரோடு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அமைச்சர் தீவுன்னு அறிக்கை விட ஆசைப்படுவாரே."

"அறிக்கையில பத்து தடவகூடப் போட்டுக்கட்டும்."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மலைநாடுகள் ஒவ்வொன்றாக அந்த வரிக்குப் பின்னால் வந்து நின்றன. எதிர்த்த பெரிய நாடு ஒன்றின் பேராளர் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். எந்த நிறுவனமும் மானியம் இல்லாமல் அந்த வழித்தடத்தை ஓட்ட முன்வரவில்லை என்பதை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். உள்ளூர் மன்றம் தரும் தேதியில் ஒன்றிய ஆணையத்தின் ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்க்கலாம். ஆந்த்ரூலா கைரேயைப் பார்த்தாள். இதற்குத் தாலினின் அனுமதி கைரேயிடம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றால் மதியத்துக்குப் போகும். மதியத்துக்குள் மலைநாடுகளில் இரண்டு மனம் மாறிவிடும். ஒலிவாங்கியை அழுத்தினாள்.

"எஸ்தோனியாவுக்குச் சம்மதம்."

ஸ்வோனிமிர் மேசைக்கு அந்தப்பக்கமிருந்து தலையசைத்தான். வேறு யாரும் வாயெடுக்கவில்லை. ஆந்த்ரூலா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

இடைவேளையில் நடைபாதைக்கு வந்து கைரே முதலில் அழைத்தது ஊர்மாஸை இல்லை. ஹில்யேவைத்தான். வரி நிலைத்தது என்று சொன்னாள். நிபந்தனையையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப படகு நிக்காது?" என்றாள் ஹில்யே.

"நிக்காது."

பின்னணியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.

"நாலு வருஷத்துக்கு ஒருக்கா பாக்க வருவாங்களா?"

"வரலாம்."

"வரட்டும். ஆனா கோடையில வந்து ஐஸ்கிரீம் தின்னுட்டு, கூட்டம் இருக்குன்னு எழுதிட்டுப் போகக்கூடாது. பிப்ரவரியில வரச் சொல்லுங்க. காத்தடிக்கிற நாளாப் பாத்து, மேல்தளத்துல நிக்க வெக்கிறோம்."

"அத விதியில சேக்க முடியாது, ஹில்யே."

"விதி எதுக்கு? ஆய்வுக்குத் தேதி குடுக்கறது தீவு மன்றந்தானே," என்றாள் ஹில்யே.

கைரே சிரித்துக்கொண்டே, ஊர்மாஸுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அவருடைய எண்ணை அழுத்தினாள்.