குஞ்சு நண்டின் கணக்கு

எடித் வீட்டார் மீனவர் சங்கத்துக்குக் கட்ட வேண்டியது நாற்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபா. நண்டு பிடிக்கச் சங்கமே கடனுக்குக் கொடுத்த, குஞ்சும் தப்பாத சிறுகண் வலையின் காசு அது. ஆனி முடியுமுன் கட்டாவிட்டால் படகின் எஞ்சினைச் சங்கம் எடுத்துக்கொள்ளும். பிறகு அவள் புருஷன் வலன்ரைன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் ஏற வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து, அரிப்பு ஊர்க் கோயில் வளவில் கூட்டம். சங்கத் தலைவர் றொஷான் கதிரையை விட்டெழும்பி, போன வருஷத்தைவிட வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதென்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

காரியதரிசி பெற்றிசியா தட்டவில்லை. "வித்ததைத்தான் கணக்குப் பாக்கிறம். கடல்ல குறைஞ்சதை ஆரும் கழிக்கேல்லை. ஒரு கிழமைக்குக் குஞ்சு நண்டைப் புறம்பாப் போட்டு நிறுத்துத் தாங்கோ."

"பிறகு சிறுகண் வலையை விடச் சொல்லுவீங்கள். கடனை ஆர் கட்டுறது, உங்கட கல்குலேற்றரோ?" என்றாள் எடித். சிரிப்பு எழும்பியது.

ஆனாலும் அடுத்த நாள் நண்டு கழற்றும்போது இரண்டு கூடை வைத்தாள். குஞ்சுக் கூடைதான் முதலில் நிரம்பியது. கறி நண்டென்று கிலோ இருநூறுக்குப் போவது அது. வளர விட்டிருந்தால் ஐந்து மடங்குக்குப் போயிருக்கும். அந்தக் கிழமை முழுக்க அவள் அந்தக் கூடையைப் பார்க்காமலே தூக்கினாள்.

மறு ஞாயிறு பெற்றிசியா எல்லார் நிறையையும் கூட்டி, வருஷக் கணக்காக்கி, வளராமல் போனதின் விலையை வருமானத்தில் கழித்தாள். கூடினதெல்லாம் போய், போன வருஷத்துக்கும் கீழே இறங்கி நின்றது.

"அப்ப நாங்கள் முன்னேறேல்லையோ?" றொஷானின் முகம் கறுத்தது.

"கைமுதலை எடுத்துத் திண்டுபோட்டு லாபமெண்டு சொல்லுறம், அண்ணை."

எடித் எழும்பினாள். "இந்த வலையை எங்கட தலையில கட்டினது சங்கம்தானே? கடலுக்குக் குறைஞ்சதைக் கழிக்கிறீங்கள். அப்ப அந்த நட்டத்தில சங்கத்துக்கும் பங்கிருக்கோணும். நாங்கள் வலையைத் தாறம். நீங்கள் கடனை விடுங்கோ."

"நல்லாத்தான் பேரம் பேசுறியள், எடித்தக்கா," என்றார் றொஷான். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சரி, சம்மதமானாக்கள் கையைத் தூக்குங்கோ."

வலை வாங்கிக் கடன்பட்ட வீடெல்லாம் கை தூக்கியது. கடன்படாமல் அதே வலையை வாங்கிய வீட்டாரிலும் பலர் தூக்கினார்கள். குஞ்சு நண்டைத் தனியாக நிறுத்தவர்கள்தானே அவர்களும்.

செவ்வாய்க்கிழமை வலன்ரைன் சிறுகண் வலையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து, சங்க வாசலில் இறக்கினான். வீட்டில் பழைய பெருங்கண் வலை இருந்தது. கிழிசல் பொத்தினால் இந்த மாரி வரைக்கும் தாங்கும். நண்டு குறைவாகத்தான் படும்.

"எஞ்சின் உங்களோடயே இருக்கட்டும்," என்றார் றொஷான். "இனிச் சங்கத்துக்கு நீங்கள் ஒரு சதமும் தரத் தேவையில்லை."