பதினாலு வருஷ கேப்

சட்டக் கல்லூரியில் சேர்வதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நல்ல ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். இதை ஜெயசீலிக்குச் சொன்னவள் ஸஹானா. அஸ்தினாபுரத்தில் ஜெயசீலி குடியிருக்கும் தெருவிலேயே மாடி வீட்டுப் பெண், வயது இருபத்திரண்டு, செங்கல்பட்டுப் பக்கம் உள்ள அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, கல்யாணத்துக்குச் சமையல்காரர் சாமான் லிஸ்ட் கொடுப்பதுபோல ஒரு மாதமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டி.சி.யின் ஒரிஜினலைக் கொடுத்தால் திரும்பி வராது, அதற்குமுன் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்குப் பின்னால் பெயர் எழுதுங்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். திங்கட்கிழமை முதல் வெள்ளையும் கறுப்பும்தான், லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தலையணை மாதிரி புத்தகங்களை முதல் வாரமே வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்ற கனவு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கடைசியாக ஒன்று: டிகிரி முடித்து வருடக்கணக்கில் ஆகியிருந்தால் ஒரு கேப் அஃபிடவிட் வேண்டும். இடையில் இருந்த வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து, நோட்டரி முத்திரையோடு கொடுக்க வேண்டும்.

ஜெயசீலிக்கு கேப் ஒன்றிரண்டல்ல, பதினாலு வருடம். தபாலில் பி.ஏ. முடித்தது 2011-இல். அதே வருடம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், தகடு வளைத்து ஓட்டை போட்டுத் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் வருகைப் பதிவு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். போன வாரம் வெள்ளிக்கிழமைதான் வேலையை விட்டாள். பதினாலு வருடமும் கேட்டருகே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, காலை எட்டு மணி, சாயங்காலம் எத்தனை மணி என்று கடவுளுக்குத்தான் தெரியும். சம்பளம் கையில், வவுச்சரில் கையெழுத்து. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. முப்பத்தெட்டு வயதில் முதுகு வலி மட்டும் நிரந்தரமாகக் கிடைத்தது.

அவள் சட்டம் படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் முனியம்மா. அதே கம்பெனியில் பிரஸ் மெஷினில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அந்த மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஷ்யாம்சுந்தர் கொடுத்தார், அதோடு சரி. நஷ்டஈடு கேட்டு முனியம்மா வழக்குப் போட்டதும், அப்படி ஒரு பெண் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்தார். வருகைப் பதிவு நோட்டு அலமாரியிலிருந்து காணாமல் போயிற்று. நோட்டு போனால் என்ன, நோட்டு எழுதியவள் இருக்கிறாளே. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி சாட்சி சொல்ல வருவதாக ஜெயசீலி வாக்குக் கொடுத்திருந்தாள். முனியம்மாவிடம் வேறு சாட்சி இல்லை.

வேலையை விடும்போது ரிலீவிங் லெட்டர் கேட்டாள். ஷ்யாம்சுந்தர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். சாட்சி விஷயம் அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்த முகத்தோடு உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, லா காலேஜா, ரொம்ப சந்தோஷம் என்றார். லெட்டர் எல்லாம் எதற்கு, கம்பெனி ரெக்கார்டிலேயே உன் பேர் இல்லையே, வீட்டில் இருந்ததாக ஒரு அஃபிடவிட் போட்டுவிடு, என் தம்பி மகன்கூட அப்படித்தான் போட்டான், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று வழியும் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஜெயசீலி வீட்டில் வந்து சொன்னாள். அவள் கணவன் ஜீவானந்தம் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்த அலுப்பில், சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கக் கடைசி நாள் சனிக்கிழமை. மாலை நாலரை மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், வராதவர்களின் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். ஜெயசீலி காலை பத்தரைக்கே தாம்பரத்தில் டைப்பிங் கடைக்குப் போய்விட்டாள். கடைக்காரர் பொன்னுசாமி பேரையும் ஊரையும் மட்டும் கேட்டார். மீதி அவரிடம் தயாராக இருந்தது. இந்த சீசனில் நாளைக்கு நாற்பது பேருக்கு அடிக்கிறார். பத்து நிமிடத்தில் தாள் வந்தது. பக்கத்து அறையில் நோட்டரி தலையைத் தூக்கிப் பார்க்காமலே முத்திரை குத்தினார். ஜெயசீலியும் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின நாள் முழுக்க சாதிச் சான்றிதழ் நகலுக்காக அலைந்த கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து ஒரு டீ சொல்லிவிட்டு, டீ ஆறும்வரை சும்மா இருப்பானேன் என்று தாளைப் பிரித்தாள். 2011 முதல் 2025 வரை நான் எந்தப் படிப்பிலும் சேரவில்லை, எந்த நிறுவனத்திலும் எந்த வேலையும் செய்யவில்லை, வீட்டில் சும்மா இருந்தேன் என்று உறுதிமொழி கூறுகிறேன். கீழே அவள் கையெழுத்து, அழகாக.

முதலில் சிரிப்புதான் வந்தது. சும்மா இருந்தாளாம். மழை நாளிலும், காய்ச்சல் நாளிலும், மாமனார் செத்த மறுநாளும்கூடத் திருமுடிவாக்கத்துக்கு ஓடின கால் யாருடையதாம்? சிரிப்பு பாதியில் நின்றது. பதினாலு வருடத்துக்கு அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அந்த வருடங்களைப் பற்றி இந்த உலகத்தில் இருக்கப்போகிற ஒரே காகிதம் இதுதான். அடுத்த மாதம் அவள் கூண்டில் ஏறி, முனியம்மா வேலைக்கு வந்தாள், நான்தான் பதிவு எழுதினேன் என்று சொன்னால், கம்பெனி வக்கீல் இந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார். நீயே அங்கே இல்லையே அம்மா, வீட்டில் சும்மா இருந்ததாகச் சத்தியம் செய்திருக்கிறாயே என்பார். ஷ்யாம்சுந்தர் காபி வரவழைத்தது இதற்குத்தானா! டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பொன்னுசாமிக்கு எரிச்சல். ஒரே ஆள், ஒரே நாளில் இரண்டு அஃபிடவிட்டா என்றார். வேலைக்குப் போனதாக எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், ஊரோடு ஒத்துப் போகக் கூடாதா என்றார். ஜெயசீலி கம்பெனி பெயரையும் செய்த வேலையையும் சொல்லச் சொல்ல, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். நோட்டரி இதற்கும் முத்திரை குத்தினார். முதல் தாளை அவள் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மனுஷிதானே.

கல்லூரியில் சரிபார்க்கும் ஜன்னலில் தோத்தாத்ரி என்று ஒரு வயதான எழுத்தர். காலையிலிருந்து காகிதம் புரட்டி நொந்துபோன முகம். ஜெயசீலி ஜன்னலை நெருங்கியபோது மணி மூன்றரை. மற்ற எல்லாவற்றிலும் டிக் அடித்துக்கொண்டே வந்தவர், அஃபிடவிட்டில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். ரிலீவிங் லெட்டர் கேட்டார். இல்லை என்றாள். சம்பளச் சீட்டு? இல்லை. பாங்கில் சம்பளம் போட்டார்களா? கையில்தான் சார்.

"அப்போ நீங்க வேலை பாத்தீங்கங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

முனியம்மாவிடம் கம்பெனி வக்கீல் கேட்ட அதே கேள்வி. ஆதாரம் நான்தான் சார் என்றாள். அது அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வேலை பாக்கலன்னு எழுதினா ஒரு பேப்பரும் வேணாம்மா. பாத்தேன்னா, விட்டதுக்கு லெட்டர் வேணும். இன்னும் அங்க வேலையில இருக்காங்கன்னு நாளைக்கு எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா என் தலை உருளும். எல்லாரும் குடுக்கற ஃபார்மட்ல ஒண்ணு கொண்டாங்க. நாலரை வரைக்கும் இருக்கேன்."

புதியவர்களுக்கு உதவ மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஸஹானா ஓடி வந்தாள். பையில் அந்த முதல் தாள் இருப்பது தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. இருக்கில்லக்கா, எடுத்துக் குடுங்க, அவ்ளோதான் என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கப் பார்க்கிறீர்களே என்று அந்தச் சின்ன வாயால் பழமொழி வேறு. ஜெயசீலி அவளை மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து முனியம்மாவின் கதையைச் சொன்னாள். ஸஹானாவுக்கு முகம் வாடிவிட்டது, ஆனாலும் விடவில்லை. காலேஜ் ஃபைலுக்குள் போகிற தாள் அந்த வக்கீலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"வழி சொல்லிக் குடுத்ததே அந்த முதலாளிதான், ஸஹானா. அவர் எப்படியும் தேடி எடுத்துடுவார். எடுக்கலன்னாலும், இப்படிப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டுக் கூண்டுல நின்னு அவங்க மூஞ்சியப் பாத்ததும் எனக்கு வாய் வராது. என்னை எனக்குத் தெரியும். அவ்ளோ தைரியம் எனக்குக் கிடையாது."

மேஜைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ஸஹானா எழுந்து போனாள்.

பெஞ்சில் ஜெயசீலி மட்டும் இருந்தாள். மணி நாலாவதற்கு ஐந்து நிமிடம். எழுந்து இருபதடி நடந்து, பையைத் திறந்து நீட்டினால் திங்கட்கிழமை வகுப்பு. வெள்ளைப் புடவை இரண்டு வாங்கிக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். எதிரே பிள்ளைகள் ஜன்னலிலிருந்து ரசீதோடு திரும்பி வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், அப்பா அம்மாவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. முனியம்மா மேல் கோபமாகக்கூட இருந்தது. எத்தனையோ பேர் அந்த ஷெட்டில் வேலை பார்த்தார்கள், சாட்சிக்கு என்னைத்தானா பிடிக்க வேண்டும்? மற்றவர்கள் எல்லாம் பயந்துகொண்டு ஒதுங்கியபோது நாமேதான் முன்னால் போய் நின்றோம் என்பதும் ஞாபகம் வந்தது. பையின் ஜிப்பை இரண்டு தடவை திறந்தாள், இரண்டு தடவை மூடினாள். எழுந்திருக்கவே உடம்பு ஒத்துழைக்கவில்லை. இது மன உறுதி என்று அவளே நினைக்கவில்லை. களைப்பு, அவ்வளவுதான்.

நாலரைக்குத் தோத்தாத்ரி ஜன்னல் வழியாக எட்டி அவளைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் சாத்தாமல் வைத்திருந்தார். பிறகு சாத்திவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. ஜீவானந்தத்துக்கு போன் செய்யலாமா என்று யோசித்தாள். வேலையும் போச்சு, சீட்டும் போச்சு என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கை தானாக முனியம்மாவின் நம்பரை அழுத்தியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். உனக்காகத்தான் என்று ஒரு தடவை சொல்லவும் செய்தாள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐயோ என்பாள், அழுவாள், என் கேஸு எக்கேடு கெட்டும் போவட்டும், நீ அந்தத் தாளைக் குடுத்திருக்கலாமே கண்ணு என்பாள் என்று ஜெயசீலி காத்திருந்தாள். ஒரு வார்த்தை அப்படிச் சொன்னால் போதும், மனது ஆறிவிடும்போல இருந்தது.

முனியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்போ ஒம்போதாம் தேதி நீ வந்துடுவ இல்ல? காலேஜி கீது, கிளாஸு கீதுன்னு வராம பூடுவியோன்னு ராவெல்லாம் தூக்கமே இல்ல எனுக்கு."

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. பஸ் வந்து நின்றது, ஏறாமல் விட்டாள். ஒரு மாதமாக வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, மூன்று விரல் இல்லாத ஒருத்தி தூங்காமல் கிடந்தது தோன்றவே இல்லை.

"வருவேன்" என்றாள். "எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லு."